துருவுக்கு அடியில் இருக்கும் எழுத்துகள்

மூடிக் கிடக்கும் டீ பெக்டரியைப் பார்க்காதவர் மலையகத்தில் யாரும் இருக்க மாட்டோம். தகரக் கூரை, உடைந்த ஜன்னல், உள்ளே துருவேறிய பெரிய சக்கரங்கள். விலை பேசி, சம்மட்டியால் உடைத்து, லொறியில் ஏற்றிப் பழைய இரும்பாகக் கொண்டு போகிறார்கள். போவது வெறும் இரும்புதானா என்று கொஞ்சம் யோசிப்போம்.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஆரம்பத்தில் கொழுந்தைக் கையால்தான் உருட்டினார்கள். தோட்டங்கள் பெருகியதும் இயந்திரம் வந்தது. பெல்பாஸ்ட் நகரில் டேவிட்சன் செய்த 'சிரோக்கோ' உலர்த்திகளும் கெயின்ஸ்பரோவில் மார்ஷல் கம்பனி செய்த உருட்டு இயந்திரங்களும் கடல் தாண்டி வந்தன. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தபின் பாரமான இரும்பை மலையேற்றுவது இலகுவானது.

அவற்றை ஓட்ட அப்போது ஊர் மின்சாரம் இல்லை. நீர்ச்சக்கரம், நீராவி இஞ்சின், பிறகு எண்ணெய் இஞ்சின் என்று ஒவ்வொரு பெக்டரியும் தன் சக்தியைத் தானே உண்டாக்கிக்கொண்டது. ஒரே இஞ்சின் நீண்ட தண்டைச் சுழற்ற, அதிலிருந்து பெல்ட்டுகள் எல்லா இயந்திரங்களையும் ஓட்டின. மின்சாரம் வந்ததும் இஞ்சின்கள் ஓய்ந்தன. நம் மலையின் பனியும் மழையும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் துரு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும்.

இந்தப் பாகங்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. செய்த கம்பனி, ஊர், இலக்கம் எல்லாம் வார்க்கும்போதே புடைத்த எழுத்தாக விழுந்திருக்கும். துரு மூடுவது அதைத்தான். அவசரப்பட்டுச் சம்மட்டியால் தட்டினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். கிரைண்டர் பிடித்தால் எழுத்தே போய்விடும். அமிலத்தில் நெடுநேரம் ஊறவிட்டால் இரும்பு கரைந்து, கரி போன்ற கிரபைற்றுத்தான் மேலே மிஞ்சும்.

பாதுகாப்பான வழி மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர். 12 வோல்ற்று பற்றரி சார்ஜரின் மறை முனை துருப்பிடித்த பாகத்துக்கு, நேர் முனை ஒரு சாதாரண இரும்புத் துண்டுக்கு. இரண்டும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஐதரசன் வெளிவருவதால் திறந்த வெளியில், நெருப்பு கிட்ட இல்லாமல், பெரியவர் ஒருவர் பார்த்திருக்கச் செய்ய வேண்டும். துரு இளகியதும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, அன்றைக்கே எண்ணெய் பூச வேண்டும். தவறினால் மறுநாளே மீண்டும் சிவந்துவிடும்.

நூதனசாலைகளில் இரும்புக்குத் தனிக் அமிலம் பூசுவதும் உண்டு. அது துருவோடு சேர்ந்து கருநிறப் படலமாகி இரும்பைக் காக்கும். பிளேன்டீயில் இரும்பாணி கிடந்தால் சாயம் கறுப்பதும் இதே வகை இரசாயனம்தான்.

இப்படிக் காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள். 1925இல் கட்டிய ஹந்தானை பெக்டரி 2001 முதல் தேயிலை நூதனசாலை. கந்தப்பொளையில் ஹெதர்செட் பெக்டரி 1996இல் ஹோட்டலானபோதும் பழைய இயந்திரங்களை உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் துருவை எடுத்தால் தெரிவது பிரித்தானியக் கம்பனியின் பெயர் மட்டுமே. விடியுமுன் அந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய நம் இஞ்சின் டிரைவரின் பெயர் எந்த இரும்பிலும் வார்க்கப்படவில்லை. அது லயத்தில் இருக்கும் முதியவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. இரும்பை விட அது சீக்கிரம் அழியும்.

பழைய இரும்பு வியாபாரம் செய்யும் எமது சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள்: உடைக்குமுன் அந்த எழுத்துகளை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆசிரிய நண்பர்களே, அந்தப் போட்டோவைக் கொடுத்துப் பிள்ளைகளைத் தாத்தாமாரிடம் அனுப்புங்கள். "இதை ஓட்டியது யார்?" என்று கேட்டு எழுதி வரட்டும். இந்தத் தவணையிலேயே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.