கல்யாணப் பட்டுப்புடவை ஜரிகை கறுத்துப் போவது ஏன்? பீரோவில் வைப்பதற்கு முன் இதைக் கவனிங்க!

கல்யாணம் முடிஞ்சு, மறுவீடு, விருந்து எல்லாம் ஓய்ந்த பிறகு முகூர்த்தப் பட்டைப் பலரும் கடை கவரிலேயே போட்டு, நாலு பாச்சா உருண்டையுடன் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். அடுத்த விசேஷத்துக்கு எடுத்தால் ஜரிகை கறுத்திருக்கும், மடிப்பில் கிழிசல் விழுந்திருக்கும். தோல் தொழில் நடக்கும் மாதனூர், ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு.

ஜரிகை ஏன் கறுக்கிறது?

காஞ்சிபுரம் பட்டின் அசல் ஜரிகை என்பது பட்டு நூல் மீது வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. அதில் தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, வெள்ளிதான் அதிகம். காற்றில் உள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும்.

தோல் பதனிடும்போது முடியை நீக்க, சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியேறும். கொலுசையும் வெள்ளி விளக்கையும் கறுக்க வைக்கும் அதே வாயு ஜரிகையையும் விடாது. நாற்றம் அடிக்கும் நேரத்தில் புடவையை வெளியே ஆற வைக்கவே கூடாது.

வீட்டில் துவைக்கலாமா?

வேண்டாம். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே முக்கியத் தீர்ப்பு வழங்கியது. உப்பு மிகுந்த போர் தண்ணீரில் அலசினால் பட்டின் பளபளப்பு போகும், சாயமும் இறங்கலாம். கல்யாணப் பட்டுக்கு டிரை கிளீனிங்தான் பாதுகாப்பு.

என்ன செய்யணும்?

* கழற்றியதும் மடிக்காதீங்க. வியர்வை ஈரம் போக, ஃபேன் காற்றில் சில மணி நேரம் நிழலில் விரித்து வைங்க.
* குங்குமம், மஞ்சள், நெய், பிரியாணி எண்ணெய் எது பட்டாலும் தேய்க்க வேண்டாம். வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்க.
* ஒரு வாரத்துக்குள் டிரை கிளீனிங் கொடுங்க. எந்த இடத்தில் என்ன கறை என்று கடையில் சொல்லுங்க. தெரியாத பழச்சாறு, வியர்வைக் கறைகூட நாளடைவில் பழுப்பாக மாறும்.
* பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டு, கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைங்க. கஞ்சி இருந்தால் பூச்சி வரும்.
* ரப்பர் பேண்ட், செய்தித்தாள், தோல் பை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.
* மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை மாற்றி மடிங்க. ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இழை அறுந்துபோகும்.
* கனமான ஜரிகை வேலைப்பாடுள்ள லெஹங்கா, கராராவை ஹேங்கரில் தொங்க விட்டால் எடை தாங்காமல் துணி இழுபடும். படுக்கை வசத்தில் வைப்பதே நல்லது.

ஏற்கெனவே கறுத்துவிட்டால்?

பேஸ்ட், புளி, வெள்ளிப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் கறுப்போடு தங்க முலாமும் போய்விடும். பட்டுப்புடவைகளைக் கையாண்டு பழகிய பாலிஷ் கடையில் காட்டுவதே வழி.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் கவனம்

பாச்சா உருண்டை என்பது பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகள் அதன் வாடையைச் சுவாசித்தால், ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். இந்தக் குறைபாடு குழந்தைக்கு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. பாச்சா உருண்டை போட்டு வைத்த துணியை எடுத்த கையோடு பச்சிளம் குழந்தைக்குப் போர்த்தக் கூடாது. உருண்டைக்குப் பதில் காய்ந்த வேப்பிலையைத் துணி முடிச்சில் கட்டி, புடவை மேல் படாமல் வைக்கலாம்.

பழைய பட்டை விற்கும் முன்...

தெருவில் வரும் வியாபாரிகள் பழைய பட்டுப்புடவையை வாங்குவது ஜரிகையில் உள்ள வெள்ளிக்காகத்தான். கிழிந்துவிட்டதே என்று சொன்ன விலைக்குக் கொடுத்துவிடாமல், அசல் ஜரிகையா என்று முதலில் பரிசோதித்துப் பாருங்க. வாங்கியபோது கொடுத்த பில்லையும் புடவையோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்க.