தேடியதேட்டமும் மனநிறைவும்

கொழும்புத்துறையில் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும் வளவு, யாழ்ப்பாண மரபில் அவளது தனியுடைமையாகும். இவ்வழமைகளை ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்தனர். 1707இல் தேசவழமை சட்டமாயிற்று. இல்லறத்தில் ஈட்டப்பட்ட தேடியதேட்டத்தில் அம்மரபுப்படி இருவருக்கும் சமபாகம் இருந்தது.

மணவாழ்வின் மனநிறைவுக்குப் பாதுகாப்புணர்வும், தன் உழைப்பு மதிக்கப்படுகின்றதென்னும் நம்பிக்கையும், முடிவெடுப்பதிற் பங்கும் வேண்டும் என்பர் உளவியலார். சீதனம் முதலாவதற்கும், தேடியதேட்டம் இரண்டாவதற்கும் இடமளித்தன. மூன்றாவதிலேதான் குறை நேர்ந்தது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மனைவி தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நீதிமன்ற அனுமதி விதிவிலக்கே. கணவன் தன் முதுசத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டுவதில்லை.

உடைமையைச் சட்டம் பகிர்ந்தளிக்கலாம். ஒருவரையொருவர் கேட்டு நடக்கும் பண்பே உள்ளத்தை நிறைவிக்கும்.