யாருடைய கூடைக்கு விலை?



சம்பள நாளில் கடைப் பற்றைத் தீர்க்கும்போது, "போன மாதம் இவ்வளவு ஆகவில்லையே!" என்று சொல்லாத குடும்பம் உண்டா? அதே வாரம் வானொலிச் செய்தியில், விலைவாசி நூற்றுக்கு இரண்டுதான் ஏறியது என்பார்கள். எது பொய்? இரண்டுமே மெய்யாக இருக்கலாம். அளந்த கூடை யாருடையது என்று கேட்க வேண்டும்.

இக்கேள்வி நமக்குப் பழையது. மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, தோட்டத் தமிழருக்குக் கூலி நிர்ணயிக்கும் பொறுப்பு இந்தியக் குடியேற்றக் குழுவிடம் வந்தது. ஒரு தொழிலாளிக்கு மாதம் எவ்வளவு அரிசி, கறிச்சாமான், துணிமணி தேவை என்று பட்டியல் போட்டு, அதன் விலையைக் கொண்டு கூலியைக் கணக்கிட்டார்கள். 1920களின் இறுதியில், எளிதில் போய்வரக்கூடிய மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. பெண்ணென்று பார்த்துக் கடைக்காரர் அரிசியை மலிவாக நிறுத்துப் போட்டாரா என்ன?

ரப்பர் விலை சரிந்ததும் 1930இல் அது 40, 32 என்று வெட்டப்பட்டது. பட்டியல் ஒருபுறம் கிடக்க, கூலியை ஆட்டிவைத்தது ரப்பர் சந்தைதான் என்றே நாம் கருதுகிறோம். நேரில் வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரியார், பழைய கூலியையே திரும்பக் கொடுக்க வேண்டுமென்று 1937இல் அறிக்கை தந்தார். கிடைத்தது, ஆனால் 1938இல் மீண்டும் குறைத்தார்கள். அவ்வாண்டே இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்கு ஆள் வருவதைத் தடைசெய்தது.

இன்றைய குறியீட்டெண் ஓர் இனத்துக்கோ தொழிலுக்கோ உரியதன்று. நாட்டின் குடும்பங்கள் எல்லாம் செய்யும் செலவை ஒன்றாகக் கூட்டிக் கூடை கட்டுகிறார்கள். அங்கேதான் சூட்சுமம். மாதம் 4,000 வெள்ளி செலவழிக்கும் வீடு, 400 வெள்ளி செலவழிக்கும் வீட்டைப்போல் பத்து மடங்கு கனக்கும். முதல் வீட்டில் அரிசிக்கு 80 வெள்ளி, இரண்டாவதில் 60 என்று வைத்துக்கொள்வோம். அரிசி பத்து விழுக்காடு ஏறினால், பெரிய வீட்டுக்கு 8 வெள்ளி கூடும். 4,000இல் அது தூசு. சின்ன வீட்டுக்கு 6 வெள்ளி. 400இல் அது நூற்றுக்கு ஒன்றரை. இரு வீட்டையும் சேர்த்துப் பார்த்தாலோ, 4,400க்கு 14 வெள்ளிதான். நூற்றுக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

இதனால்தான் மலேசியப் புள்ளிவிவர இலாகா, மாதம் 3,000 ரிங்கிட்டுக்குக் குறைந்த வருமானமுள்ளோருக்குத் தனியாகவும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. சிங்கப்பூரிலும் வருமானம் குறைந்த இருபது விழுக்காட்டினருக்குத் தனிக் கணக்கு உண்டு.

வருமானம் ஒன்றாயினும் வயது கூடையை மாற்றும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சீருடையும் பஸ் கட்டணமும் கனக்கும். ஓய்வுபெற்ற பாட்டியின் கூடையிலோ பாதி மருந்து. சீருடை விலை இறங்கியதால் சராசரி இறங்கினால், பாட்டிக்கு அதில் ஒரு காசும் மிச்சமில்லை.