முதலில் கிணறு, பிறகு வீடு

நம் குடியிருப்பில் இந்த ஆண்டு மூன்று குடும்பங்கள் மனை வாங்கித் தனி வீடு கட்டும் வேலையில் இறங்கியிருக்கின்றன. மாலை நடையில் சந்திக்கும்போது சதுர அடி ரேட், டைல்ஸ், மாடுலர் கிச்சன் என்று பேச்சு போகிறது. மண்ணைப் பற்றி மட்டும் யாரும் பேசக் காணோம். வீட்டுச் செலவு கைமீறிப் போகும் முதல் இடம் அதுதான். கட்டி முடித்த பிறகு திருத்தவே முடியாத இடமும் அதுதான். அதனால் இந்த இதழில் அஸ்திவாரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் முதலில் கிணறு வெட்டுவார்கள். கலவைக்கும் செங்கல் நனைக்கவும் தண்ணீர் வேண்டும் என்பது வெளியே தெரிந்த காரணம். இன்னொரு காரணமும் உண்டு. கிணறு இறங்க இறங்க, மேல்மண் எத்தனை அடி, களி எத்தனை அடி, கெட்டித் தரை எங்கே தொடங்குகிறது, ஊற்று எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் கொத்தனார் வானம் எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று சொல்வார். அஸ்திவாரக் குழிக்கு ‘வானம்’ என்று பெயர் வைத்தவர்கள் நம் ஆட்கள். கீழே இருப்பதை அண்ணாந்து பார்க்கும் மரியாதையோடு பார்த்திருக்கிறார்கள் போலும்.

என் அப்பா 1983-ல் கோவில்பட்டி பக்கம் வீடு கட்டினார். பக்கத்து மனைப் பெரியவர், “மொதல்ல கெணத்த வெட்டுங்க தம்பி” என்றார். குழாய்த் தண்ணீர் வரப்போகிறது, கிணற்றுக்கு எதற்கு வீண் செலவு என்று அப்பா விட்டுவிட்டார். வீடு கட்டித் தந்தவர் எல்லா இடத்திலும் செய்வதுபோல 4 அடி வானம் எடுத்து, கருங்கல் வைத்துச் சுவரை எழுப்பினார். மூன்றாவது கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. ஐப்பசி மழையில் அது மூடிக்கொண்டது. மறு கோடையில் இன்னும் அகலமாகத் திறந்தது. பூசினோம், மறுபடி பூசினோம். 1988-ல் குழாயில் தண்ணீர் வராமல்போய், கடைசியில் கிணறு வெட்டினோம். 9 அடியில் சுக்கான் தட்டியது. அப்பா கிணற்றின் விளிம்பில் வெகுநேரம் நின்றார். எதுவும் சொல்லவில்லை. அதுவரை விரிசலுக்குச் செலவழித்த பணம் அந்தக் கிணற்றுக் கூலியைத் தாண்டியிருந்தது.

கிணறே அஸ்திவாரம்

மண்ணை அறிந்து அதற்கேற்பக் கட்டுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய உறைகிணறுகள் கீழடியில் கிடைத்திருக்கின்றன. கட்டடத்தையே கிணறுகள்மேல் நிறுத்தும் முறையும் இந்தியாவில் வெகுகாலமாக உண்டு. தாஜ்மஹாலின் ஆற்றோரப் பகுதி கிணற்று அஸ்திவாரத்தின்மேல்தான் நிற்கிறது.

சென்னையிலேயே இதற்கு நல்ல சாட்சி எழும்பூரில் இருக்கிறது. புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை நாம் ‘கர்க்’ என்கிறோம். 1818-ல் தொடங்கி 1821-ல் முடிந்த அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த மேஜர் தாமஸ் ஃபியட் டி ஹாவிலாண்ட். வட்டமான கூடம், அதன்மேல் செங்கல் குவிமாடம், உயர்ந்த கோபுரம். இத்தனை பாரத்தைத் தாங்க வேண்டிய நிலமோ ஈரமான இளகிய மண். சாதாரண வானம் எடுத்துக் கல்லை நிரப்பினால் ஒரு பக்கம் இறங்கிவிடும்.

டி ஹாவிலாண்ட் நம் கிணற்று முறையைக் கையில் எடுத்தார். வளையத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ள அள்ள, அது தன் பாரத்திலேயே கீழே இறங்கும். மேலே அடுத்த வளையத்தை ஏற்றுவார்கள். கெட்டித் தரையைத் தொட்டதும் நிறுத்தி, உள்ளே நிரப்பி, அதன்மேல் கட்டடம் எழும். கர்க்கின் அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள் இப்படி இறக்கப்பட்டன. எல்லாம் ஒரே ஆழமில்லை. கெட்டித் தரை எங்கே கிடைத்ததோ அதுதான் அந்தந்தக் கிணற்றின் ஆழம். ஆழத்தை முன்கூட்டியே காகிதத்தில் முடிவு செய்யாமல், அந்த முடிவை மண்ணிடம் விட்டார். 200 ஆண்டுகளைத் தாண்டியும் கட்டடம் நிற்கிறது.

கரிசலுக்கு ரூர்க்கி சொன்ன பதில்

எழும்பூரில் பிரச்சினை, பாரம் தாங்காத மண். எங்கள் கரிசலின் குணம் வேறு. அது தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். வீட்டின் வெளிச்சுவர் ஓரம் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப ஏறி இறங்கும். வீட்டின் நடுப்பகுதி அவ்வளவு அசையாது. அந்த வித்தியாசம்தான் ஜன்னல் மூலையில் விரிசலாகத் தெரிகிறது. இந்த உப்பல் சுருங்கல் கரிசலில் சுமார் 3.5 மீட்டர் ஆழம் வரை இருக்கலாம். எங்கள் வீட்டின் 4 அடி வானம் அந்த அசையும் அடுக்குக்குள்ளேயே நின்றுவிட்டது.

இதற்கு ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950-களிலிருந்து ஆராய்ச்சி செய்து ஒரு வழி சொன்னது. அதில் முன்னின்றவர் பொறியாளர் தினேஷ் மோகன். கைத்துரப்பணத்தால் ஒரு அடி விட்டமுள்ள குழியை அசையும் அடுக்கைத் தாண்டி இறக்குவார்கள். அடியில் மட்டும் அதைக் குடைந்து, தண்டைவிட இரண்டரை மடங்கு அகலமான குமிழாக விரிப்பார்கள். கம்பி இறக்கிக் கான்கிரீட் போட்டால், அந்தக் குமிழ் நிலையான மண்ணில் நங்கூரம்போல் பிடித்துக்கொள்ளும். மேலே தூண்களை இணைக்கும் பீமின் அடியில் சிறிது இடைவெளி விடுவார்கள். மண் உப்பினாலும் பீமை முட்டாது. ‘அண்டர் ரீம்டு பைல்’ என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2911-ன் மூன்றாம் பகுதி முழுக்க இதற்கானது. அகலமான வானமும் லோடு லோடாகக் கருங்கல்லும் தேவைப்படாததால், கரிசலில் சிறிய வீட்டுக்கும் கட்டுப்படியாகக்கூடிய முறை. அப்பா கட்டிய 1983-லேயே இது இருந்தது. எங்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்

அப்படியானால் மண் வேலையில் சிக்கனமே கூடாதா? கூடும் என்று காட்டியவர் லாரி பேக்கர். 1945-ல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் தங்கி, ஏழைகளுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் குறைந்த செலவில் வீடு கட்டித் தந்தவர். 1985-ல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் ஆகியோரோடு சேர்ந்து ‘காஸ்ட்ஃபோர்டு’ அமைப்பை உருவாக்கினார். அவர் படம் வரைந்து விளக்கிய சிறு கையேடுகளில் மண் வேலைக்கும் இடமுண்டு.

வானம் தோண்டும்போது மண்ணை வெளியே வீசுகிறோம். பிறகு பேஸ்மட்டம் நிரப்ப அதையே கூலி கொடுத்து உள்ளே கொண்டுவருகிறோம். முதலிலேயே உள்பக்கம் போட்டால் ஒரு கூலி மிச்சம் என்றார் பேக்கர். சரிவான மனையை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவுக்குக் குறுக்காக, சம உயரக் கோட்டின் போக்கிலேயே வீட்டை நீளவாட்டில் அமைத்தால் தோண்டும் வேலையும் தாங்குசுவரும் குறையும் என்றார். அகலமான அடிச்சுவரின்மேல் 9 அங்குலச் சுவர் எழுப்பும்போது, இரண்டின் வெளிமுகத்தையும் ஒரே நேராக வையுங்கள், படிபோல் வெளியே நீட்டினால் அதில் மழைநீர் தங்கி உள்ளே இறங்கும் என்றார். மூன்றும் சிக்கனம். எதிலும் அஸ்திவாரத்தின் பலம் குறையவில்லை.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு

இன்று கிணற்றுக்குப் பதில் போர் போடுகிறோம். மண் சேறாக வெளியே வருகிறது, அடுக்குகளைக் கண்ணால் பார்க்க வழியில்லை. கிணறு செய்த வேலையை இப்போது மண் பரிசோதனை செய்கிறது. 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடக் கூட மண் கெட்டி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மனையில் இரண்டு இடத்திலாவது இதைச் செய்துவிடுங்கள். நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் இருந்தது, அது எந்த மாதம் என்பதையும் அறிக்கையில் கேட்டு வாங்குங்கள்.

பழைய பெயர்களையும் விசாரியுங்கள். தாங்கல், ஏந்தல், குளம் என்று பெயர் இருந்தால் அங்கே முன்பு தண்ணீர் நின்றிருக்கலாம். நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்ற பெயர் இன்றும் மறைந்த ஏரியைச் சொல்கிறது. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டில் போர் போட்டவரிடம் கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது என்று கேளுங்கள். பாறை எவ்வளவு ஆழத்தில் என்று ஓரளவு தெரியும்.

சதுர அடி ரேட்டில் அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை அடங்கும், அதற்கு மேல் போனால் அடிக்கு என்ன ரேட் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 3 அடி அகலம், 4 அடி ஆழம், மொத்தம் 150 அடி நீளம் என்றால் தோண்டும் மண் 1,800 கன அடி, அதாவது 18 யூனிட். ஆழம் 6 அடியானால் 27 யூனிட். தோண்டும் கூலியோடு நிரப்பும் கல்லும் கலவையும் சேர்ந்து கூடும். தூண்களுக்குக் குழி எடுத்தாலும் கணக்கு இதே போக்குதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பலரும் பேஸ்மட்டத்தை உயர்த்துகிறார்கள். நல்லதுதான். ஆனால் 1,000 சதுர அடி வீட்டை ஒரு அடி உயர்த்த 10 யூனிட் மண் வேண்டும், இறுக்கினால் அதற்கு மேலும். அதை மொத்தமாகக் கொட்டாமல் அரை அடி, அரை அடியாகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் டைல்ஸ் உள்வாங்கும்.

கடைசியாக, வீடு கட்டாத நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் கட்டடம் எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மண் பரிசோதனை அறிக்கையும் அஸ்திவார வரைபடமும் சங்கத்தின் கோப்பில் இருக்க வேண்டும். பெரிய பழுதோ மறுகட்டுமானமோ வரும் நாளில் பொறியாளர் முதலில் கேட்பது அவற்றைத்தான். ஆரம்பத்தில் வாங்கியவர்கள் யாரிடமாவது நகல் இருந்தால் அடுத்த பொதுக்குழுவுக்கு எடுத்து வாருங்கள். நாம் கிணறு வெட்டிப் பார்க்க முடியாது. வெட்டிப் பார்த்தவர்கள் எழுதி வைத்ததையாவது பத்திரப்படுத்தி வைப்போம்.