கங்காரு கூட்டு மேலாண்மை

ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில் நில உரிமையாளர்களும் உரிமம் பெற்ற வேட்டையாளர்களும் இணைந்து, கங்காரு எண்ணிக்கையை நிலம் தாங்கும் அளவில் பேணும் முறை. செங்கங்காரு, கிழக்குச் சாம்பல் கங்காரு, மேற்குச் சாம்பல் கங்காரு, வல்லரு ஆகியவை முதன்மை இனங்கள். வான்வழிக் கணக்கெடுப்பு முதலியவற்றைக் கொண்டு மாநில அரசுகள் ஆண்டு ஒதுக்கீட்டை வரையறுக்கின்றன. அது பெரும்பாலும் மதிப்பிட்ட எண்ணிக்கையில் 15–20 விழுக்காடு. ஏற்றுமதிக்கான மேலாண்மைத் திட்டங்களுக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். வேட்டை இரவில், ஒளிவிளக்கின் துணையுடன் நடைபெறும். நில உரிமையாளரின் இசைவு இன்றியமையாதது. எனினும் காட்டு விலங்குகள் அவருடைய உடைமையல்ல. விற்பனை வருவாய் பெரும்பாலும் அவரைச் சேர்வதில்லை. ஒத்துழைப்புக்குப் பெருந்தடை இதுவே. கங்காரு இறைச்சியின் விலை உயர்ந்தால் நில உரிமையாளர்கள் அதில் வருவாய் ஈட்டி, செம்மறி மந்தைகளைக் குறைத்து மண்ணைக் காக்கலாம் என விலங்கியலாளர் கோர்டன் கிரிக் 1980களில் முன்மொழிந்தார்.