இடையாண்டுத் தொண்டு: சிஞ்ச்வட் வட்டார வரலாறு

பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் பல்கலைக்கழகத்தில் சேருமுன் ஓராண்டை ஒதுக்கி, அயல்நாடு சென்று, வீடு கட்டுதலிலும் வனவிலங்குப் பராமரிப்பிலும் ஊதியமின்றி உழைக்கும் வழக்கம் இடையாண்டுத் தொண்டு எனப்படும். இதற்கு ஸ்திரமான உருவம் கிடைத்தது 1958ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் அலெக் டிக்சன் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்னும் தொண்டு ஸ்தாபனம் பதினெட்டு வயதினரைத் தூர தேசங்களுக்கு அனுப்ப முற்பட்டபோதுதான். ஆனால் இதன் மூலத்தை, முதல் உலகப் போரில் சிதைந்த வெர்தூன் பிரதேசத்துக் கிராமமொன்றைச் செப்பனிட, சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் பியேர் செரெசோல் 1920இல் பல நாட்டாரையும் கூட்டி நடத்திய சேவை முகாமிலேயே காண வேண்டும்.

செரெசோலின் இயக்கம் விரைவிலேயே நம் தேசத்தை எட்டியது. 1934ஆம் ஆண்டு ஜனவரியில் பீகாரைப் பாழாக்கிய பூகம்பத்திற்குப் பின் அவரே நேரில் வந்து, ராஜேந்திர பிரசாத் முதலியோரின் ஒத்துழைப்புடன் குடியானவர்க்குப் புதிய குடியிருப்புகள் அமைக்கப் பாடுபட்டார். அவ்வியக்கத்தின் இளைஞர் 1950களில் மகாராஷ்டிரத்தின் வரோரா அருகே பாபா ஆம்தே குஷ்ட நோயாளருக்காக நிறுவிய ஆனந்தவன ஆசிரமத்திற்கு வந்து கட்டட வேலை செய்தது, என் கருத்தில், இவ்வரலாறு முழுவதிலும் தலைசிறந்த அத்தியாயம். குஷ்டரோகத்திற்கு அஞ்சி அவ்வாசிரமத்தை விட்டு விலகி நின்ற ஊரார், அயல்நாட்டு இளைஞர் நோயாளருடன் ஒரே பந்தியில் உண்டு உழைத்ததைக் கண்ட பின்னரே மெல்ல நெருங்கி வந்தனர். எழும்பிய கட்டடங்களைக் காட்டிலும் அந்த மனமாற்றமே பெரும் பலன்.

புணேயை அடுத்த சிஞ்ச்வட் வட்டாரத்திலும் இத்தகைய தொண்டு நடந்துள்ளது. சிஞ்ச்வட்டிலிருந்து லோணாவளா செல்லும் ரயில் மார்க்கத்தில், லோணாவளாவுக்கு முந்திய நிலையம் மளவலி. இதற்கு அருகேயுள்ள கார்லா குகையின் சைத்தியத் தூண்கள் சிலவற்றில், அவை யவனர் அளித்த தானம் எனப் பிராகிருத எழுத்துகள் கூறுகின்றன. ஆகவே பிற தேசத்தாரின் பொருளால் இங்குக் கட்டடம் எழுவது புதிதன்று. 2006ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், ஏழைகளுக்கு வீடு கட்ட உதவும் ஹாபிடாட் ஸ்தாபனத்தின் சார்பில், அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவி ரோசலினும் ஏறத்தாழ 2,000 தொண்டர்களுடன் மளவலியில் கூடி, ஒரே வாரத்தில் நூறு வீடுகள் எழுப்பும் பணியில் ஈடுபட்டனர். அப்போது கார்ட்டருக்கு வயது 82. அவருடைய தாய் லில்லியனும் தம் 68ஆம் வயதில், 1966இல், அமெரிக்க அமைதிப் படையின் தொண்டராகப் பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து மருத்துவச் சேவை புரிந்தவர். தொண்டுக்கு வயது வரம்பில்லை என்பதற்கு இக்குடும்பமே சாட்சி.

இத்தகைய முகாம்களில் வேலை நடக்கும் விதம் கவனிக்கத்தக்கது. நூல் கட்டித் தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் நேர் பார்ப்பவர் கொத்தனார். வந்தவர்கள் செங்கல் கைமாற்றி, சட்டியில் சாந்து சுமக்கும் சித்தாள்களே. வீட்டுக்கு உரியவரும் தம் உழைப்பைத் தர வேண்டுமென்பது ஹாபிடாட்டின் விதி. இவ்விதி தளர்ந்து, பயண நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு இளைஞரை அனுப்பத் தலைப்பட்ட இடங்களில், கோணிய சுவரும், வேலையிழந்த உள்ளூர்க் கூலிக்காரருமே மிஞ்சினர்.

வனவிலங்குப் பணி இதனினும் நுட்பமானது. புணே மாவட்டத்தின் வடபகுதியான ஜுன்னரில், நீர்ப்பாசனத்தால் பெருகிய கரும்புத் தோட்டங்களிலேயே சிறுத்தைகள் குட்டியீன்று வளர்வதால் மனிதருக்கும் அவற்றுக்கும் மோதல் ஓயாமல் நேர்ந்து, மாணிக்டோஹ் என்னுமிடத்தில் மீட்பு நிலையம் அமைக்க வேண்டியதாயிற்று. காயமுற்றும் பிடிபட்டும் வந்த சிறுத்தைகள் அங்கே பராமரிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில், 1976இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் வடநெம்மேலியில் நிறுவிய முதலைப் பண்ணை தொண்டரை ஏற்று வருகிறது.

இந்திய மாணவருக்கு ஓராண்டு இடைவெளி எளிதில் வாய்ப்பதில்லை. அக்குறையை ஓரளவு தீர்க்கும் வகையில், காந்தி நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று; அதன் கிராம முகாம்கள் இன்றும் நடைபெறுகின்றன. அயல்நாடு செல்ல விழையும் இளைஞர், பணம் கட்டுமுன், அவ்விடத்தில் வேலை ஏவுபவர் உள்ளூர்க் கொத்தனாரா, விலங்கைத் தொட அனுமதிப்பவர் கால்நடை மருத்துவரா என்று கேட்டறிந்துகொள்க.