யாருடைய உடல் அளவு?

விபத்துக் காயத்தை விதி என்று ஏற்றுக்கொண்டிருந்த காலத்தில், அதற்குக் காரணம் தேடியவர் அமெரிக்கரான ஹியூ டி ஹேவன். உயரத்திலிருந்து விழுந்தும் உயிர் தப்பியவர்களைப் பற்றி 1942-இல் அவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர் விவரித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். மோதலின் வேகத்தைத் தாங்கும் பரப்பு எது, அது எவ்வளவு நெகிழ்கிறது என்பதே காயத்தைத் தீர்மானிக்கிறது என்று அவர் காட்டினார்.

ஆனால் கார்களைச் சோதிக்க ஓர் உடல் தேவைப்பட்டபோது, அது ஆணுடலாகவே அமைந்தது. 1976-இல் ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கிய 'ஹைப்ரிட் 3' சோதனைப் பொம்மை ஏறத்தாழ 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் கொண்டது. உலகம் அதையே 'சராசரி மனிதர்' என்று எடுத்துக்கொண்டது. பிறகு வந்த 'பெண்' பொம்மை, ஏறத்தாழ 150 செ.மீ. உயரமான, மிகச் சிறிய உடலுள்ள பெண்ணின் அளவு. பெரும்பாலும் ஆணுடலைச் சுருக்கிச் செய்தது. பெண்ணின் கழுத்துத் தசையும் இடுப்பெலும்பும் வேறு விதமானவை என்பது அதில் இடம்பெறவில்லை.

விளைவு எண்களில் தெரிந்தது. சீட் பெல்ட் அணிந்த ஓட்டுநர்களை ஒப்பிட்டு 2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரே வகை மோதலில் பெண்களுக்குக் கடுங்காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம் என்றது. 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட சராசரிப் பெண்ணின் பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர் அறிமுகப்படுத்தியது 2022-இல்தான்.

நம் ஊரிலும் இந்த ஆய்வு நடக்கிறது. 2011-இல் கோவையை மையமாகக் கொண்டு தொடங்கிய 'ராசி' திட்டத்தில், ஆய்வாளர்கள் விபத்து நடந்த இடத்துக்கே போய்ச் சாலையையும் வண்டியையும் அளந்து, மருத்துவமனைக் காயக் குறிப்புகளோடு பொருத்திப் பார்க்கிறார்கள். நூம்பலுக்குத் தென்மேற்கே, ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. ஆனால் 2023-இல் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டின் முன்மோதல் சோதனையில், முன்னிருக்கைகளில் அமர்ந்தவை ஆணுடல் பொம்மைகளே.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செல்லும் நம் பெண்களில் பலருக்குக் கார் இல்லை. பைக்கின் பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து, முந்தானையை இழுத்துப் பிடித்து, மடியில் குழந்தையோடு போகிறவர்கள் அவர்கள். சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் காப்பு நம் மோட்டார் வாகன விதிகளில் இடம்பெற்றிருக்கிறது. சட்டம் ஒருமுறையாவது பெண்ணின் உடையைக் கண்டுகொண்டதற்கு அது சாட்சி. அதே நாட்டில், தில்லியில் 2014 வரை ஹெல்மெட் பெண்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. சலுகைபோலத் தெரிந்த அந்த விலக்குக்கு விலை, மண்டையோடு.

எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருந்தாள், என்ன உடுத்தியிருந்தாள், கர்ப்பிணியா என்பவையும் ஒவ்வொரு விபத்துக் குறிப்பிலும் ஏற வேண்டும். எழுதப்படாத காயத்துக்கு எந்தப் பொறியாளரும் தீர்வு வரைய மாட்டார்.